நேசையாவின் ஈயம்

நேசையா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் வேதக்கோவிலில் ஞானப்பாட்டு பாடுவார். பாளையங்கோட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில் இருபது வருஷமாக எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே வாசித்துப் பழகிய கண்ணுக்கு நேர் எழுத்துதான் கோணலாகத் தெரிகிறதாம். விரல்களில் அப்பிய கறுப்பைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வந்தால்தான் அவர் மனைவி சாரம்மாள் சோறு போடுவாள்.

அச்சான பக்கத்தைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் அறை அறையாகத் திரும்பப் போடும்போது அவருக்கு வாய் சும்மா இராது. "நேத்து பைபிள் சங்கீதமா நின்னுது. இன்னைக்குச் செக்கெண்ணெய் விளம்பரமா நிக்கி. ஈயம் மாறிச்சா வே?" என்பார். பிழை திருத்தப் போகும் நான் இதைக் கேட்பதற்காகவே கொஞ்சம் முன்னதாகப் போவதுண்டு.

கழுகுமலைச் சமணச் சிற்பங்களில் மயங்கிப்போன ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், ஜைனர்களின் திரவியக் கொள்கை பற்றி எழுதிய புத்தகம் போன மாதம் அச்சுக்கு வந்தது. பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்தால் குடம் போகும், மகுடம் பிறக்கும், பொன் மட்டும் பொன்னாகவே இருக்கும் என்ற பக்கத்தைக் கோத்த அன்று நேசையாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொன்னா யாரு கேக்கா? தாசில்தார் சொன்னாத்தானே எடுபடுது!" என்றார்.

அந்தத் தாசில்தார் வரிக்கு வரி தேஹம், மோஹம் என்று எழுதித் தள்ளியதில், ஒரே தாளில் சேர்ந்து அச்சேற வேண்டிய கடைசிப் பக்கங்களுக்கு ஒரே ஒரு 'ஹ' குறைந்தது. பட்டணத்திலிருந்து புது எழுத்து வர ஒரு மாதமாகும். நேசையாவின் பெட்டி மூலையில், நூல் சுற்றிய சின்னக் கட்டு ஒன்றில் ஒரு 'ஹ' இருப்பதைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணாச்சி, இதைப் பிரிச்சா என்ன?"

அவர் அந்தக் கட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். அது 'ஹெப்சிபா'. மூன்று வருஷத்துக்கு முன் வாந்திபேதியில் போன நாலு வயது மகள். மரண அறிவிப்பை அவரேதான் கோத்தாராம். அச்சானதும் மற்றதெல்லாம் பிரித்துப் போட்டவர், பெயரை மட்டும் பிரிக்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி. பட்டணத்து எழுத்து வரட்டும்."

"ஊருக்கெல்லாம் சொல்லுதேன். எனக்குன்னு வந்தா மாத்திப் பேசலாமா? ஈயந்தானே வே."

பைய நூலை அவிழ்த்தார். 'ஹ'வை எடுத்துத் தாசில்தாரின் பக்கத்தில் பொருத்தினார். பிறகு, வார்த்தைகளுக்கு இடைவெளி விடுவதற்காக வைத்திருக்கும் எழுத்தில்லாத ஈயத்துண்டுகளைக் கிளறி, அதே அகலத்தில் ஒன்றைத் தேடி எடுத்தார். அதை மகளின் பெயரில் காலியான இடத்தில் செருகி, மறுபடியும் நூலை இறுக்கிச் சுற்றினார்.