சேவல் எங்கிருந்து வந்தது

ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னபோது நான் பயந்தது ஊசிக்கு. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்சுலின் (ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடம்பின் தசைகளுக்குள் அனுப்பும் சுரப்புநீர்; எனக்கு அது போதுமான அளவு சுரப்பதில்லை) புதிதாகப் போட ஆரம்பித்திருப்பவர்களுக்கு உதவலாம். உதவாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். மண்ணூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. அடங்காத தாகம், இளைப்பு, ஓயாமல் கொல்லைப்பக்கம் நடை. ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மா, நீல மருந்தில் என் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினார். நீலம் மாறாமல் இருந்தால் நல்லது. என்னுடையது செங்கல் நிறத்துக்கு வந்தது.

"இதை வெச்சி ஒரு வூடே கட்டலாம் போலக் கீதேம்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் வாசலைத் தாண்டும்வரைதான் சிரித்தேன். பிறகு, யாருடைய சைக்கிள் என்றும் தெரியாமல் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி கஸ்தூரி எனக்காக அந்தச் சைக்கிள்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஊசியைக் கத்தரிக்காயில் குத்திப் பழகச் சொன்னார்கள். கத்தரிக்காய் கத்தவில்லை. நான் கத்தினேன்.

"ஊசி போட்ட அரை மணிக்குள்ள சாப்பிட்டுடணும்" என்பதை டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். இதற்குப் போய் இவ்வளவு அழுத்தமா என்று நினைத்தேன். சாப்பிட மறந்து நான் எப்போது இருந்திருக்கிறேன்?

என் மகள் மல்லிகாவைக் கஸ்தூரியின் அண்ணன் தங்கவேலுவின் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. நிச்சயத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வல்லக்கோட்டையிலிருந்து மச்சான் குடும்பம் வந்து இறங்கியது. நான் காலையிலேயே சமர்த்தாக ஊசியைப் போட்டுக்கொண்டேன். பெண்ணைப் பெற்றவன் தட்டு மாற்றுவதற்குமுன் இலையில் உட்காரலாமா என்றார் ஒரு பெரியவர். தட்டு மாற்ற ராகுகாலம் கழிய வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லாரும் ராகுவைக் கவனித்தார்கள். என் உடம்புக்குள் இன்சுலின் தன் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தது. ராகு நேரமானால் எழுந்து போய்விடுவார். இது போகாது.

அதன்பிறகு நடந்தது, மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தட்டை நீட்டிய மச்சானைப் பார்த்து நான் சொன்னேனாம்: "உன் வூட்டுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கு, எம்பொண்ண ஒரு சேவலுக்குக் கட்டிக்குடுப்பேன். சேவலாவது காலையில எழுந்திரிக்கும்."

எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நான்தான் ஊரறிந்த கோமாளி ஆயிற்றே. சிரிப்பு அடங்குவதற்குள் தட்டை எட்டி உதைத்தேன். தேங்காய் உருண்டு வாசல்வரை போயிற்று. குடித்திருக்கிறான் என்று ஒருவர் வந்து என் வாயை முகர்ந்து பார்த்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்ததைக் கஸ்தூரிதான் கவனித்திருக்கிறாள். விருந்துக்கு வைத்த பாயசத்தை, நான் தொடவே கூடாத பாயசத்தை, ஒரு சொம்பு மொண்டு வந்து என் தாடையைப் பிடித்து ஊற்றினாள்.

எனக்கு நினைவு திரும்பியபோது வாயில் ஏலக்காய் மணம். மச்சான் குடும்பம் வண்டியேறிவிட்டிருந்தது. மல்லிகா கூடத்தில் உதிர்ந்த வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துபோவது) என்றார் டாக்டரம்மா. "மூளைக்குக் கையிருப்புன்னு பெருசா எதுவும் கிடையாது. ரத்தத்துல வர்ற சர்க்கரைதான் அதுக்குச் சாப்பாடு. அது கொறைஞ்சா நிதானமும் கூச்சமும் முதல்ல கழண்டுக்கும். உடம்பு அதை ஆபத்துன்னு எடுத்துகிட்டு, பயத்துக்கும் சண்டைக்கும் தயாராயிடும்."

இதை மச்சானிடம் விளக்க ஆள் அனுப்பினேன். திரும்பி வந்த பதில் இது: "சக்கர கொறஞ்சா மயக்கம் வரும், ஒத்துக்கறேன். சேவல் எங்கேர்ந்து வந்துச்சி?"

நல்ல கேள்வி. டாக்டரம்மாவிடம் அப்படியே கேட்டேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார். "அது எனக்கும் தெரியாது" என்றார்.

மல்லிகா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு வழியில்லை, மச்சான் காலில் விழுவதென்று நானும் கஸ்தூரியும் கிளம்பினோம். கஸ்தூரி மடித்துக் கொடுத்த சர்க்கரைப் பொட்டலத்தை, "நான் இன்னா எறும்பா?" என்று கேட்டு வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒரகடம் தாண்டியதும் பஸ் படுத்துவிட்டது. வெயிலில் நடந்தோம்.

எங்களைக் கண்டு மச்சான் எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க" என்றார், பாயைப் பார்த்து.

மன்னிப்பைத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் நடந்து வந்தவனுக்கு ஒரு வாய் மோர் உண்டா? தங்கையிடம்கூட முகம் கொடுக்கவில்லை. என் கல்யாணத்திலேயே இவர் என்னை மதிக்கவில்லை. ஒவ்வொரு காரணமும் பளிச்சென்று சரியாக இருந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு தெளிவாக யோசித்ததே இல்லை என்று தோன்றியது.

கஸ்தூரி என் பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று வியர்த்திருந்தது.

"அண்ணே, வெல்லம் எடுத்தா. சீக்கிரம்."

"வெல்லமா? வெஷமே வெய்யேன்" என்றேன் நான்.

மச்சான் உள்ளே போய் ஒரு அச்சு வெல்லத்தோடு வந்தார். இருவருமாகச் சேர்ந்து என் வாயில் திணித்தார்கள்.

இந்த முறை நினைவு தப்பவில்லை. உள்ளேயிருந்து நானே பார்த்தேன். வெல்லம் கரையக் கரைய, மோர் தராததில் என்ன பெரிய குற்றம் என்று தோன்றியது. பிறகு கல்யாணத்தில் மதிக்காதது போயிற்று. உண்மையில் அன்று அவர்தான் எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தவர். யாரும் பதில் சொல்லித் தோற்கடிக்காத காரணங்கள், ஒவ்வொன்றாக எழுந்து போயின. நான் யோசித்தேன் என்று நம்பியதையெல்லாம் ஒரு துண்டு வெல்லம் திருப்பி எடுத்துக்கொண்டது. நாற்பத்தாறு வருடமாக 'நான்' 'நான்' என்று சொல்லி வந்தேனே, அவன் இவ்வளவு மெல்லிய இழையிலா தொங்கிக்கொண்டிருந்தான் என்று வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். பயமாக இல்லை. கோயில் கருவறையில் திரை விலகும்போது வருமே, அப்படி ஒரு சிலிர்ப்பு.

மச்சான் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "மாப்ள, சேவல் இன்னா ஆச்சி?" என்றார்.

"உள்ளதான் எங்கியோ கீது மச்சான். இப்ப கூவல."

சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. "கஸ்தூரி, மோர் எடுத்தாம்மா. இந்த ஆளுக்கு மொதல்ல சோறு போடு. தட்ட அப்பறம் மாத்திக்கலாம்." அந்த வருடமே கல்யாணம் நடந்தது. ராகுகாலத்துக்கும் எனக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

இப்போதெல்லாம் என் நாள் காலை, மாலை என்று நகர்வதில்லை. ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவில் ஓடுகிறது. எனக்குக் கோபம் வந்தால் கஸ்தூரி வாதாடுவதில்லை; வெல்ல டப்பாவைத் திறந்து நீட்டுவாள். பத்து நிமிடம் காத்திருப்போம். என் கோபங்களில் பாதிக்கு அந்தப் பத்து நிமிட ஆயுள்கூட இல்லை.

பேரன் பிறந்த பிறகு, மல்லிகா டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல மச்சான் வந்தார். அவளுக்கு விட மனமில்லை. எனக்குச் சுருக்கென்று ஏறியது. டப்பா வந்தது. மென்றேன். மச்சான், கஸ்தூரி, மல்லிகா எல்லாரும் சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். உள்ளே யார் மிஞ்சப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன்.

பத்து நிமிடம் ஆயிற்று. பிடரியைத் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. கோபம் வைத்த இடத்திலேயே இருந்தது.

மச்சான் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இது ஒங்களுதுதான். சொல்லுங்க மாப்ள, கேக்கறேன்."