படிக்காமல் போட்ட கையெழுத்து

எங்கள் அத்தை ஊராட்சித் தலைவராக இருந்தபோது ஊரில் யாரும் அவரைத் தலைவர் என்று கூப்பிட்டதில்லை. மாமாவைத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். அந்தத் தடவை தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டதால், நிற்பதாக இருந்த மாமா அத்தையை நிற்கவைத்தார். சுவரொட்டியில் அத்தையின் படம் சிறியதாகவும் கைகூப்பிய மாமாவின் படம் பெரியதாகவும் இருந்தது. ஜெயித்த பிறகு அதிகாரிகள் போனில் கூப்பிட்டதும் மாமாவைத்தான். எனக்கு அப்போது பத்து வயது. எனக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. ஒருநாள் அத்தையிடமே போய், நீங்கள்தானே தலைவி என்று கேட்டேன். அவர் மாவு பிசைந்துகொண்டே, முதலில் அந்தக் கதவைச் சாத்து, பூனை உள்ளே வருகிறது என்றார்.

நாங்கள் திருநகரில் குடியிருந்தோம். முழுப் பரீட்சை முடிந்ததும் என்னை எழுமலைக்குப் பக்கத்தில் இருந்த அத்தை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே காலையில் நான் தவறாமல் பார்த்த காட்சி ஒன்று உண்டு. ஊராட்சி அலுவலக கிளார்க் வாசலில் வந்து நிற்பார். மாமா அவரிடமிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவார். அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டாவது வரை படித்தவர். கையெழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். மாமா கெட்டவர் இல்லை. ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாக வண்டியை எடுப்பவர் அவர்தான். அத்தைக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றுதான் எல்லா வேலையையும் தானே பார்ப்பதாக மனதார நம்பினார்.

அந்தக் கோடையில்தான் மதுரையில் பெண் தலைவர்கள் கூடும் ஒருநாள் கூட்டத்துக்கு அத்தைக்கு அழைப்பு வந்தது. வந்த கடிதத்தை மாமா பிரித்துப் படித்தார், மாமாவே போவதென்று முடிவுசெய்தார், வெள்ளை வேட்டியை மாமாவே இஸ்திரி போட்டுக்கொண்டார். அத்தை கூட வருவதாக ஏற்பாடு. நானும் தொற்றிக்கொண்டேன். மூவரும் காலை பஸ்ஸில் ஆரப்பாளையத்தில் வந்து இறங்கி, கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு நடந்தோம்.

வாசலில் நின்ற இரண்டு பெண்கள் அத்தையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அத்தைக்கு முன்னால் நடந்த மாமாவை மட்டும் தடுத்தார்கள். "உள்ள பொம்பளைங்க மட்டுந்தாண்ணே. நீங்க அங்குட்டு உக்காருங்க" என்று ஒரு பெண் ஷாமியானா பந்தலைக் காட்டினாள். அங்கே ஏற்கெனவே பதினைந்து இருபது பேர் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மாமாவைப் போலவே இருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ரெக்ஸின் பை.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். "உங்க அத்தை உள்ள என்ன பேசுறா, யார்ட்ட பேசுறான்னு எழுதிட்டு வா ஆத்தா. வெவரம் தெரியாம எதையாச்சும் பேசிறக் கூடாதுல்ல" என்றார். திரும்பும்போது ரோஸ்மில்க் வாங்கித் தருவதாகவும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை யாரும் என்னை நம்பி ஒரு வேலையும் கொடுத்ததில்லை.

உள்ளே இருநூறு பேராவது இருப்பார்கள். கல்யாண வீட்டைத் தவிர வேறெங்கும் அத்தனை பெண்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததே கிடையாது. ஒவ்வொருவராக மேடையேறிப் பேசினார்கள். ஆற்றோரத்து ஊர் ஒன்றின் தலைவி, தன் அலுவலகத்தில் தனக்கு நாற்காலியே போடவில்லை என்றார். வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாராம். விட்டுவிட்டு வந்தால் காணாமல் போய்விடும் என்று சாயங்காலம் திரும்பத் தூக்கி வருவாராம். ஒரு வருடம் இப்படியே நடந்ததாம். டவுனுக்குள்ளிருந்து வந்திருந்த முஸ்லிம் கவுன்சிலர் ஒருவர், தெருவில் குப்பை அள்ளும்வரை தினமும் காலை ஆறு மணிக்கு அதிகாரிக்குப் போன் அடித்த கதையைச் சொன்னார். "ரெண்டு மாசமா அந்த மனுசனுக்கு அலாரமே நாந்தான்" என்று அவர் சொன்னதும் மண்டபமே சிரித்தது.

நான் நாற்காலிக் கதையையும் அலாரக் கதையையும் எழுத்துப்பிழையோடு மளமளவென்று எழுதினேன். பிறகுதான், எழுதச் சொன்னது அத்தையைப் பற்றி அல்லவா என்று ஞாபகம் வந்தது. அத்தையோ வாயே திறக்கவில்லை. ஆகவே, 'பதினொரு மணி, அத்தை பேசவில்லை. பதினொன்றரை, அத்தை பேசவில்லை, தண்ணீர் குடித்தார்' என்று எழுதிவைத்தேன்.

அப்போது மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெண் அதிகாரி, நரைத்த முடிக்காரர். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுசாகப் படித்துப் பார்ப்பவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள் என்றார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. எந்த வகுப்பிலும் கை தூக்கத் தயங்காத நான் அத்தையின் கையைப் பிடித்து மேலே தூக்கப் பார்த்தேன். அத்தை என் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்து நின்றார். யாரும் அவரை எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊருக்கு மேற்கே ஒரு தெரு இருக்கிறது, அங்கே தண்ணீருக்கு ரொம்பத் தூரம் நடக்க வேண்டும், அங்கே கட்டுவதாக இருந்த தண்ணீர்த் தொட்டியை எங்கள் தெருவுக்கே மாற்றிவிட்டார்கள் என்று அத்தை சொன்னார். அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நியாயம் கேட்டார்களாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அத்தை சொல்லியிருக்கிறார். அவர்கள் ஒரு தாளை நீட்டி, இது யார் கையெழுத்து என்று கேட்டிருக்கிறார்கள்.

"என் கையெழுத்துத்தான். நான் வாசிச்சுப் பாக்கல. வாசிக்காமப் போட்ட கையெழுத்து என் கையெழுத்துன்னு ஆகுமாங்க?"

மேடையில் இருந்தவர் சமாதானமாக எதையாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"ஆகும்மா. அது உங்க கையெழுத்துதான். அதனாலதான் அதை மாத்துறதும் உங்களால முடியும்."

அத்தை உட்கார்ந்தார். மைக்கைத் திருப்பிக் கொடுக்க மறந்து மடியிலேயே வைத்திருந்தார். நான் கேள்வியையும் பதிலையும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நாலைந்து பெண்கள் அத்தையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நாற்காலி தூக்கிய தலைவியும் அதில் இருந்தார். நான் இரண்டாவது ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வாயைப் பொத்தாமல் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாததால், 'ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது' என்று எழுதினேன்.

சாயங்காலம் மாமா சொன்னபடியே பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் மூன்று ரோஸ்மில்க் வாங்கினார். அத்தை முகம் கழுவப் போன நேரத்தில் நோட்டைப் படிக்கச் சொன்னார். நாற்காலிக்கும் அலாரத்துக்கும் சிரித்தார். அத்தையின் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் நான் படித்தபோது, தூக்கிய டம்ளரை அப்படியே கீழே வைத்தார். பிறகு அதைத் தொடவே இல்லை. அத்தை வந்து தன் பங்கை நிதானமாகக் குடித்து முடித்தார். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனோ என்று நோட்டை மறுபடி புரட்டிப் பார்த்தேன்.

பஸ்ஸில் மாமா எங்களுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். உசிலம்பட்டி தாண்டியதும் ரெக்ஸின் பையைத் திறந்து ஃபைலை முன்னால் நீட்டினார். கிளார்க் எழுமலையில் காத்து நிற்பதாகவும், தொட்டி வேலையை ஆரம்பிப்பதற்கான தாள்தான் என்றும், இரண்டே கையெழுத்து என்றும் சொன்னார்.

அத்தை ஃபைலை வாங்கினார். தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"எழுத்து மங்கலாத் தெரியுதுங்க. கண்ணாடி போடணும்போல. போட்டு, வாசிச்சுட்டு, கையெழுத்துப் போடுறேன்."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. "நேத்துக்கூட ஊசியில நூல் கோத்தீங்களே அத்தை" என்றேன்.

அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தார். "அது நேத்து" என்றார்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ் முழுக்கத் தெரிந்தவர்கள். அத்தை ஃபைலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூடி மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

மறுநாள் மாமாவே எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போனார். கண்ணாடிக் கடைக்காரர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். அத்தை மேலேயிருந்து ஆரம்பித்து, எனக்கே எறும்பாகத் தெரிந்த கடைசி வரிவரை நிற்காமல் வாசித்தார். கடைக்காரர் அத்தையைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்து ஏதோ மெதுவாகச் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "பிரவுன் கலர் பிரேமாப் போட்டுக் குடுங்கண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு கிளார்க் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாக வாசிப்பார். தொட்டித் தாளை இரண்டு நாள் வாசித்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போடாமல், இடத்தைப் பழையபடி மாற்றி எழுதிவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். தொட்டி மேற்குத் தெருவிலேயே எழும்பியது. தாமதத்துக்குக் காரணம் கேட்டு வந்தவர்களிடம் மாமா, அவளுக்குக் கண் கொஞ்சம் சரியில்லை, வாசிக்க நேரமாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து திருநகருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் முதல் வேலையாக இதைத்தான் சொன்னேன். கடையில் அத்தை எல்லா எழுத்தையும் தப்பில்லாமல் வாசித்துவிட்டார், அதற்காக அவருக்கு ஒரு கண்ணாடி பரிசு கொடுத்தார்கள் என்றேன். அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும், அப்போது மாமா எங்கே இருந்தார், அவர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். பக்கத்தில்தான் நின்றார், பிரவுன் கலரில் போடச் சொன்னார் என்றேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உங்க மாமாவும் பரவால்லதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒரு மனிதர் கண்ணாடிக்கு நிறம் சொன்னதில் பாராட்ட என்ன இருக்கிறது என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.