நான் அழுத ஒரு நிமிடத்துக்கு இரண்டு இசையமைப்பாளர்கள்

ஒன்பது வயதில் எனக்கு இரண்டு இசையமைப்பாளர்கள் சேர்ந்து பின்னணி இசை அமைத்தார்கள். பெரிய கதாநாயகிகளுக்கே வாய்க்காத யோகம். அலுவலகத்தில் சமயம் பார்த்து இதைச் சொல்லிக்கொள்வேன். அந்த இசை எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆரணியில் செல்போன் கடையில் வேலை பார்த்த என் சித்தப்பாவுக்குத் திடீரென்று டைரக்டர் ஆசை பிடித்தது. இரவல் கேமராவில் பன்னிரண்டு நிமிடப் படம் எடுத்தார். வேலை தேடிச் சென்னைக்குப் போகும் அப்பாவை மகள் பஸ் ஏற்றிவிடுகிறாள், அவ்வளவுதான் கதை. மகள் நான்தான். பஸ் கிளம்பிய பிறகு கடைசி ஒரு நிமிடம் தனியாக நின்று அழ வேண்டும். அழுகை வராததால் சித்தப்பா கையில் கிள்ளினார். கிள்ளலுக்குப் பலன் இருந்தது.

படத்தில் வசனம் கிடையாது. அதைக் கலை நோக்கம் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டார். உண்மையில், எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஓடிய பவர்லூம் சத்தத்தில் எதையுமே பதிவு செய்ய முடியவில்லை. கரண்ட் போனால் தறிகள் நிற்கும், தெரு அமைதியாகும். ஆனால் இசைக்கு நம்பியிருந்த கீபோர்டும் கூடவே நின்றுவிடும். அதனால் கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் படத்தை ஓட்டுவது, இசையை அங்கேயே நேரடியாக வாசிப்பது என்று முடிவானது. மார்கழி மாதம் என்பதால் மண்டபமும் சும்மா கிடந்தது, வாசிப்பவர்களும் மாலையில் சும்மா இருந்தார்கள்.

வாசிப்பவர்கள் இருவர். அப்பாவின் அண்ணனான பெரியப்பா கோயிலிலும் கல்யாணங்களிலும் நாகஸ்வரம் வாசிப்பவர். அம்மாவின் தம்பியான மாமா, எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி, பாட்டுக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவுக்கு எதைக் கேட்டாலும் ராகத்தின் பெயர் சொல்லியாக வேண்டும். மாமாவுக்கு ஒரு ராகத்தின் பெயரும் தெரியாது; காதில் விழுந்ததை எல்லாம் வாசித்துவிடுவார். முதல் நாள் ஒத்திகையில் இரண்டுக்கும் சுருதி சேரவில்லை. மாமா ஏதோ ஒரு பட்டனைத் தட்டினார், சேர்ந்துவிட்டது. பெரியப்பா வாயிலிருந்து நாகஸ்வரத்தின் சீவாளியை எடுத்துவிட்டு அந்தப் பட்டனையே பார்த்தார்.

“இன்னா மாப்ள, அவ்ளோதானா? சுருதிக்காகவே என்னிய ஒரு வருஷம் பெண்டு நிமித்தினாரு எங்க வாத்தியாரு!”

பதினோரு நிமிடத்தைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். கோயில், கடைத்தெரு எல்லாம் நாகஸ்வரத்துக்கு. ரோடும் பஸ்ஸும் கீபோர்டுக்கு. நான் அழும் அந்தக் கடைசி நிமிடத்தில்தான் வந்தது வம்பு. பெரியப்பா முகாரி என்றார். மாமா அதற்கென்றே ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தார்.

“அழுவுற புள்ள பக்கத்துல நாயனம் ஊதினா அது பயந்துக்கும்ங்க, பெரிய மாமா.”

“உன் பொட்டில வர்றது மட்டும் அழுகையா? ஐஸ் வண்டி வந்துகினு இருக்கிற மாரி கீது!”

ஒரு வாரம் இருவரும் சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் அழுகைக்கு இத்தனை கிராக்கி! யாருடையது நன்றாக இருக்கிறது என்று இருவரும் தனித்தனியாக என்னைக் கேட்டார்கள். பெரியப்பாவிடம் உங்களுடையதுதான் என்று சொல்லி மெதுவடை சாப்பிட்டேன். மாமாவிடமும் அதையே சொல்லி ரோஸ்மில்க் குடித்தேன்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் பார்த்தேன். பெரியப்பா பின்கட்டில் சாதகம் செய்யும்போது மாமா சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடி நின்றிருந்தார். மறுநாள் மாமாவின் அறைக்கு வெளியே, மாடிப்படியில், பெரியப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். வேவு பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். வடையும் ரோஸ்மில்க்கும் நின்றுவிடக் கூடாதே என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. நான் பட்டுப் பாவாடையில் முதல் வரிசையில் இருந்தேன். பதினோரு நிமிடமும் அமர்க்களமாகப் போனது. பஸ் கிளம்பியது. திரை முழுக்க என் முகம். பெரியப்பா நாகஸ்வரத்தை மடியில் இறக்கிவைத்தார். அதே நேரத்தில் மாமா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாசியுங்கள் என்று மாமா கையைக் காட்டினார். நீ வாசி என்று பெரியப்பா மோவாயைத் தூக்கினார். இப்படியே அந்த நிமிடம் தீர்ந்துபோனது. சத்தமே இல்லாமல் திரையில் நான் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தேன். பின்னால் அம்மா விசும்பியது கேட்டது. அப்புறம் யார் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

படம் முடிந்ததும், “நீ ஏம்ப்பா வாசிக்கல?”, “நீங்க ஏன் வாசிக்கலங்க?” என்று இருவரும் அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். அந்த மௌனத்துக்காக ஊரே சித்தப்பாவின் கையைக் குலுக்கியது. அவரும் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இரண்டு பேரும் மெட்டை மறந்து என் காட்சியைக் கெடுத்துவிட்டார்கள்!

மறுநாள் காலை ஆத்திரம் ஆறி, பாவமாக இருந்தது. பெரியப்பாவிடம் போய், “மறந்துட்டீங்களா பெரியப்பா? நான் சொல்லித் தரேன்” என்று மெட்டை முனகிக் காட்டினேன். இரண்டாவது வரியில் தடுமாறினேன்.

“அப்படி இல்ல பாப்பா” என்று நாகஸ்வரத்தை எடுத்தார். மெதுவாக, ஒரு வளைவுகூட விடாமல் முழுவதையும் வாசித்தார். முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் ஆள் மாற்றிப் பாடியிருந்தேன். அது மாமாவின் மெட்டு.

மாடிக்கு ஓடினேன். “மாமா, பெரியப்பா உன் மெட்ட திருடி வச்சிகினு இருக்காரு!”

“முழுசா வாசிச்சாரா?”

“முழுசா.”

“ரெண்டாவது வரி?”

“அதுவும்தான்.”

மாமா சண்டைக்குப் போவார் என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். தன் சொத்தைப் பறிகொடுத்துவிட்டு இப்படிச் சந்தோஷப்படுகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. மாமா சரியான ஏமாளி என்று முடிவு கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.