ஃபைலக்கா தீவின் அடுப்பில் மீன் முள்

2009 நவம்பரில், நாங்கள் வேலை பார்த்த வளைகுடா நாட்டின் ஃபைலக்கா தீவுக்குப் போனதற்கு ஊர் சுற்றும் ஆசை காரணமில்லை. என் மனைவி ஸ்டெல்லா நான்கு மாதமாக மீனைத் தொடவில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள், குப்பூஸ் ரொட்டியும் பேரீச்சம்பழமும் தின்றுகொண்டு நைட் ட்யூட்டி பார்க்கும் நர்ஸ். ஒருநாள் வார்டிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். ஏதோ நேர்ச்சையாம். எதற்கென்று கேட்டால், "வெளிய சொன்னா பலிக்காது" என்பாள்.

எனக்குச் சந்தேகமெல்லாம் அவள் போகும் ஃபர்வானியா ஜெபக்கூட்டத்தை நடத்தும் அண்ணன்மேல்தான். ஃபைலக்காவில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது, அங்கே வாழ்ந்த துறவிகள் ரொட்டியும் பழமும் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை என்று அவர்தான் இவளிடம் சொல்லியிருந்தார். கடலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மீன் தின்னாத ஆளா? யாரிடம் கதை விடுகிறார்! நேரில் பார்த்து அவர் குட்டை உடைப்பது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு டாக்ஸி பிடித்தோம். சல்மியா படகுத்துறைக்கு மூன்று தினார் கேட்டார் டிரைவர், கேரளாக்காரர். சுற்றிக்கொண்டு போகிறாரோ என்று வழியெல்லாம் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். "சேட்டா, ஒரே ரோடுதான், வேற வழி இல்லா" என்றார் கண்ணாடியில் பார்த்தபடி. ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். கடலில் இருபது கிலோமீட்டர். பெரிய படகு ஒன்றரை மணி நேரம் எடுத்தது.

தீவில் தொண்ணூறாம் வருஷ வளைகுடாச் சண்டையில் குண்டு துளைத்த வீடுகள் அப்படியே நிற்கின்றன. கோயில் இருந்த இடம் தீவின் நடுவே. இப்போது முழங்கால் உயரச் சுவர்கள், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகளின் அடித்தளம், அவ்வளவுதான். ஸ்டெல்லா முட்டி போட்டுவிட்டாள். நான் தரையைத் துழாவினேன். கொழுத்த மீன் முள் ஒன்று கிடைத்தது!

"ஏளா, இங்க பாரு! ஒன் அண்ணன்கிட்ட காட்டு, சாமியாரு தின்ன மீனு!"

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது போன வெள்ளிக்கெழம எவனோ பொரிச்சித் தின்னது. மாவு ஒட்டியிருக்கு பாருங்க." பக்கத்தில் கெச்சப் பாக்கெட் வேறு கிடந்தது. உலகத்தையே சந்தேகப்படுகிற நான் இதை மட்டும் எப்படி நம்பினேனோ!

அங்கே தோண்டிக்கொண்டிருந்த குழுவில் ஒரு ஐரோப்பியப் பெண்மணி. கேட்டதும் சல்லடைத் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு வீட்டின் அடுப்புச் சாம்பலிலிருந்து எடுத்த கருகிய சின்ன முள்கள், சிப்பி ஓடுகள், பேரீச்சங்கொட்டை. துறவிகள் தின்றதா என்றேன். "இந்த அடுப்பில் வெந்தது, அதுவரை தெரியும். யார் வாயில் போனது என்று முள் சொல்லாது" என்றார் ஆங்கிலத்தில்.

சிலுவை வருவதற்கு முன்பே தீவில் மீன் பிடித்தவர்கள் இருந்திருப்பார்கள். கோயில் வந்தபிறகும் அவர்கள் வலையைச் சுருட்டி வைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. எங்கள் கரையிலும் அப்படித்தானே. போர்த்துக்கீசியர் வந்து பெர்னாண்டோ என்று பெயர் வைத்தார்கள். மீன் குழம்பில் புளியை மாற்ற முடிந்ததா அவர்களால்?

ஸ்டெல்லா அசரவில்லை. "சமைக்க வந்த ஊர்க்காரன் தின்னிருப்பான்" என்றாள்.

திரும்பும் படகில் எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குளா நேந்திருக்க? எதாவது சீக்கா? எங்கிட்ட மறைக்கியா?"

"சொல்லுதேன், கேட்டுக்கோங்க. உங்க சந்தேகப் புத்தி போகணும்னுதான். ட்யூட்டி முடிஞ்சி வந்தா என் போனை எடுத்துப் பாக்கீகல்லா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னைய நம்புங்க, அன்னைக்கு மீன் தின்னுதேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பாதையை விட்டு இறங்க வேண்டாம், வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கலாம் என்கிறார்கள். கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோண்டுகிற இடத்தில் எதையும் கையில் எடுக்காதீர்கள், நான் எடுத்ததே தப்பு.

படகுத்துறையிலிருந்து டாக்ஸியை நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னேன். எங்கள் ஊர் வாவலை இங்கே சுபைதி என்பார்கள். தட்டில் நாலு கிடந்தன. செவுளைத் தூக்கிப் புதுசா பழசா என்று பார்க்காமல் மீன் வாங்கினவன் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. கை தானாகப் போனது. ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை இழுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ரெண்டு தாங்க பாயி" என்றேன்.

மீன் பழசு. சட்டியில் போட்டதுமே தெரிந்துவிட்டது. அவள் தலையைக்கூட விடாமல் சப்பித் தின்றாள்.