அப்பா பிடிக்கப் போன பந்து

கிண்டியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அனிமேஷன் வகுப்பில் சேர்ந்தேன். முதல் பயிற்சி, ஒரு பந்தைத் துள்ள வைப்பது. என் பந்து பலூன் போல மிதந்தது. ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கு ஆத்திரம். "இதுக்கா வேலய வுட்ட? பந்து வரைஞ்சிக்கினு கீற!"

விழும்போது வேகம் கூட்டி, தரையில் படும்போது நசுக்கி, திரும்பத் திரும்ப வரைந்தேன்.

ஒரு மதியம் அப்பா பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புதிதாக வரைந்ததை லேப்டாப்பில் ஓட்டினேன். பந்து ஒரு மேசைமேல் துள்ளி வந்து, விளிம்பில் தடுமாறி விழுந்தது.

"ஏய், வுழுது!" என்று அப்பா சட்டென்று இடது கையைத் திரைக்குக் கீழே நீட்டிவிட்டார்.

இருவரும் அந்தக் கையையே பார்த்தோம். அவர்தான் முதலில் சிரித்தார். "இன்னாம்மா இது, நெஜப் பந்துன்னு நெனச்சிட்டேன். இன்னொரு வாட்டி போடு."

பிறகு வகுப்பிலும் பாராட்டினார்கள். ஆனால் நான் வரைந்ததற்கு எடை உண்டு என்று என்னை நம்பவைத்தது அப்பாவின் கைதான்.