பத்துக்கு ஏழு

நான் கணக்கு டீச்சர். பிள்ளைகள் புள்ளியில் மூன்றை எட்டாக்கிக்கொண்டு வந்தால் தூரத்திலேயே பிடித்துவிடுவேன். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று வகுப்பில் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னை என் வீட்டு ஆட்களே ஏமாற்றினார்கள். அதுவும் சரியான எண்ணைச் சொல்லி.

மகள் எட்டு மாதம் நிரம்ப முன்பே பிறந்துவிட்டாள். எனக்குப் பிரஷர் ஏறி, அவசரமாக ஒப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் நின்ற நேர்ஸ், பிறந்த உடனே பிள்ளைக்குப் புள்ளி போடுவோம் என்று சொன்னார். அழுகை, நிறம், நெஞ்சுத் துடிப்பு, கை கால் அசைவு எல்லாம் பார்த்துப் பத்துக்குப் போடுவார்களாம். என் மகளுக்கு முதலில் நாலு, கொஞ்ச நேரத்தில் ஏழு. "ஏழு நல்லம்," என்றார். அந்தச் சொல்லை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் பிள்ளைக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று அம்புலன்ஸில் ஏற்றி, வேறோர் ஆசுபத்திரியின் சிசுக்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பிரஷர் இறங்கும்வரை நான் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார் டொக்டர். இவவை யோசிக்கவிடாதீர்கள் என்று என் கணவரிடம் அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. உம்மா என் ஃபோனை வாங்கித் தன் பேக்கில் போட்டுக்கொண்டார். நான் ஓய்வெடுக்க வேண்டுமாம்!

என் கணவருக்குக் கல்முனைக்குடியில் புடவைக் கடை. கடையைப் பூட்டிவிட்டு, நான் பீச்சிக் கொடுக்கும் பாலை மகளிடம் கொண்டுபோவதும் திரும்பி வருவதுமாக அலைந்தார்.

"மச்சான், புள்ள எப்பிடி?"

"புள்ளி போட்டிருக்காங்க. அஞ்சு."

"அஞ்சா? பரவாயில்ல, ஏறும். நம்மட புள்ளதானே."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். அடுத்த நாள் வந்து ஆறு என்றார்.

"பாத்தீங்களா, ஏறுது!"

"ஓம்," என்றார்.

அதற்கடுத்த நாள் ஏழு. எனக்குத் தலைகால் தெரியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் பிள்ளை விழித்து அழுதது. பார்க்க வந்திருந்த என் கூடப்பிறந்த ராத்தாவிடம் வட்டிலப்பம் அவித்துக்கொண்டு வரச் சொன்னேன். உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ராத்தா உண்மையிலேயே அவித்துக்கொண்டு வந்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே முட்டை அடித்து, தேங்காய்ப்பால் பிழிந்து, கருப்பட்டி கரைத்து, ஏலக்காய் தட்டிப்போட்டு அவித்து வந்து, என் வாயில் ஊட்டியும் விட்டார். நான் இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

மறுநாள் என்னைத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். "முதல்ல ஊட்டுக்குப் போவம், நாளைக்குப் புள்ளையப் பாப்பம்," என்றார் கணவர். நான் விடுவேனா? மிச்ச வட்டிலப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, தையல் போட்ட வயிற்றோடு ஓட்டோவில் ஏறினேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சொறிக்கல்முனைப் பக்கத்து நேர்ஸ் ஒருவர் நின்றார், வயதில் மூத்தவர். நான் பாத்திரத்தை நீட்டினேன்.

"இது ஒங்க எல்லாருக்கும், மிஸ். என்ட மகள் ஏழு எடுத்ததுக்கு."

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"ஆர் சொன்னது பிள்ள, ஏழு நல்லமெண்டு?"

"பொறந்த அண்டைக்கு ஏழு நல்லமெண்டுதானே மிஸ் சொன்னாங்க?"

"அது வேற, பிள்ள. இது மூச்சுக்குப் போடுற புள்ளி. விலா உள்ளுக்கு இழுக்குதா, மூக்கு விரியுதா, முனகுதா எண்டு பாத்துப் போடுறது. இதில புள்ளி கூடினாக் கூடாது. முட்டைதான் எடுக்கவேணும். ஏழு வந்தபடியாத்தான் மெஷின் போட்டிருக்கம்." என் கணவரைக் காட்டி, "இவருக்கு முதல் நாளே விளங்கப்படுத்தினனே," என்றார்.

நான் திரும்பினேன்.

"நான் பொய் சொல்லல்லியே," என்றார் என் கணவர். "அஞ்சு எண்டா அஞ்சு எண்டுதானே சொன்னன். ஒனக்குப் பிரஷர் ஏறிடும் எண்டு டொக்டர்..."

"பொய் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பன் மச்சான்! ஏறுது ஏறுது எண்டு நான் சிரிக்கக்குள்ள ஓம் எண்டீங்களே!"

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதை அன்றுதான் அனுபவித்தேன். உள்ளே என் மகள் விரல் தடிப்பில் ஒரு குழாயோடு கிடந்தாள். அவள் ஒவ்வொரு மூச்சுக்கும் போராடியபோது நான் வட்டிலப்பம் தின்றிருக்கிறேன். அவளுக்கு மூச்சு முட்டியதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருக்கிறேன். தெரிந்திருந்தால் அழுது துஆ கேட்டிருப்பேனே! அதைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை பாவிகள்.

"ஒன்ட உசிருக்குப் பயந்துதானே மகள், மருமகனக் குத்தம் சொல்லாத," என்றார் அன்றிரவு வீட்டில் உம்மா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது. என் வீடு, என் உம்மா, என் ராத்தா. வந்தவரோடு சேர்ந்து எல்லோரும் ஒரு கட்சி, நான் மட்டும் வெளியே. ராத்தாவோடு கதைப்பதையே விட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மகளுக்குப் பக்கத்தில் நானே இருந்தேன். மெஷினைக் கழற்றியதும் மறுபடி புள்ளி போட்டார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அந்த நேர்ஸிடமே கேட்டுப் பழகிக்கொண்டேன். நாலு, மூன்று என்று இறங்க இறங்க எனக்கும் மூச்சு வந்தது.

ஒரு நாள் நான் பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு வரும்போது என் கணவர் நடைபாதையில் ஓடி வந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"முட்ட எடுத்துட்டாள்! ஒன்ட மகள் முட்ட எடுத்துட்டாள்!"

கேட்கக் காத்திருந்த சொல் அது. சந்தோஷப்பட எனக்கு முடியவில்லை. அவரை விலக்கிக்கொண்டு போய் நேர்ஸிடம் கேட்டேன். "ஓம் பிள்ள," என்றார் அவர். அதுவும் போதவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், மகளின் நெஞ்சை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். விலா இழுக்கவில்லை. மூக்கு விரியவில்லை. முனகலும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் சொன்னனே," என்று என் கணவர் வாயசைத்தார். உண்மைதான், சொன்னார். ஏழு என்று சொன்னதும் உண்மைதானே.