நாக்குக்குத் தெரியாமல் ஒரு ஸ்பூன்

பிஸ்கட் கம்பெனியில் எனக்குப் பெயர் ‘நாக்கு’. வேலை, ருசி பார்ப்பது. அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கடித்து, மென்று, துப்பி, வாய் கொப்பளித்து, “வெண்ணெய் பழசு”, “சர்க்கரை தூக்கல்” என்று தீர்ப்புச் சொல்வேன். இதற்குச் சம்பளமும் உண்டு, கர்வமும் உண்டு. கர்வம்தான் ஒரு படி அதிகம். யார் வீட்டில் சாப்பிட்டாலும் முதல் வாயிலேயே குறை கண்டுபிடித்துவிடுவேன். அதனால் இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் டாக்டர் என் ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஆளி விதையைப் பொடித்து தினமும் சாப்பாட்டில் ஒரு ஸ்பூன் சேர்க்கச் சொன்னார். என் மனைவி அன்றைக்கே வாங்கி, மிக்சியில் அரைத்து, தயிரில் கலந்து வைத்தாள். நான் வாயில் வைத்த வேகத்திலேயே துப்பினேன்.

“ஐயே! நனைஞ்ச மரத்தூள் மாதிரி இருக்கு. இது என்ன சாதாரண நாக்கா? வீட்டுக்குச் சோறு போடுற நாக்கு! இனிமே இந்தப் பொடி ஒரு துளி விழுந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும், சொல்லிட்டேன்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நான் ஜெயித்துவிட்டேன் என்று இத்தனை வருஷமாக நம்பிவந்த அப்பாவி நான்.

சில மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். கொழுப்பு இறங்கியிருந்தது. டாக்டர் ஆச்சரியப்பட்டு, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“லிஃப்ட் பக்கமே போறதில்ல டாக்டர். படிதான்,” என்றேன். எங்கள் லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதை நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்த நாளில்தான் கம்பெனியில் புது பிஸ்கட் வந்தது. சோதனை அறையில் சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். பிஸ்கட்டின் நிறத்தை வைத்து ஆளைப் பிடிக்கக் கூடாது, ருசியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்பதற்காக. என் முன்னால் மூன்று தட்டு. இரண்டில் ஒரே பிஸ்கட், ஒன்றில் வேறு. எது வேறு, எப்படி வேறு என்று சொல்ல வேண்டும். எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

கடித்தேன். கண்ணை மூடினேன். கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை. பார்க்கிறவர்களுக்காக மூடுவேன்.

“மூணாவதுதான் வேற,” என்றேன் எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் அம்மாவிடம். “அதுதான் நம்ம பழைய பிஸ்கட். முதல் ரெண்டுலயும் எதையோ எடுத்துட்டீங்க மேடம். வெறிச்சுன்னு இருக்கு. மூணாவதுலதான் வீட்டு ருசி இருக்கு.”

எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த புதுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலாளர் அம்மா எழுந்து வெள்ளை விளக்கைப் போட்டார். மூன்றாவது தட்டில் இருந்த பிஸ்கட்டில் முகம் முழுக்கப் பழுப்புப் புள்ளி.

“அண்ணே, அதுலதான் ஆளி விதை போட்டிருக்கோம். வீட்ல இதைச் சாப்பிடறீங்களா?”

“என் நாக்குக்குத் தெரியாம எங்க வீட்ல ஒரு உப்புக்கல் விழாது மேடம்,” என்றேன். சொல்லும்போதே அந்த மின்விசிறி ஞாபகம் வந்து தொலைத்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என் வீட்டில் மறைத்திருக்கிறார்கள். நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியும் தின்றிருக்கிறேன்.

மேலாளர் அம்மா மரியாதையாகத்தான் சொன்னார். “இனி வர்ற பிஸ்கட் எல்லாத்துலயும் இதுதான் அண்ணே. பழகின நாக்கு இந்த மேஜைக்கு ஆகாது. வீட்ல நிறுத்துங்க. இல்லன்னா பேக்கிங் பக்கம் போயிடுங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அதைப் பிடுங்கினால்தான் இனி யாருக்கு நஷ்டம்?

வீட்டுக்குப் போனபோது மனைவி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“என் சாப்பாட்டுல அந்தப் பொடியைப் போடறியா?”

“போடறேன்.” பிசைவதை நிறுத்தவில்லை.

“எதுல?”

“எதுல இல்லன்னு கேளுங்க. ரொட்டி, கஞ்சி, சூப்பு, பருப்பு. நேத்து முட்டையில.”

“நேத்து முட்டை பிரமாதம்னு சொன்னேனே!”

“சொன்னீங்க.”

எனக்கு வந்த கோபத்தில் கம்பெனியில் நடந்த அத்தனையையும் கொட்டினேன். நாற்காலி போய்விடும், மானம் போய்விடும், நேற்று வந்த பெண் சிரிக்கிறாள் என்று குதித்தேன். கேட்டதும் அவள் முகம் சின்னதாகிவிட்டது. கை கழுவிவிட்டு அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“உங்க வேலைக்கு உலை வைக்கணும்னு போடலங்க. இன்னையோட நிறுத்திடறேன்.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “உங்க அண்ணன் போய் ரெண்டு வருஷமாச்சு. அக்கா இன்னும் சாப்பிடறப்ப ரெண்டு தட்டு எடுத்து வெச்சுட்டு ஒண்ணைத் திருப்பி உள்ள வைக்கிறாங்க. நான் கூட இருந்து பார்த்தேன். எனக்கு அது வேண்டாங்க. பயமா இருக்கு.”

அண்ணனுக்கும் இதே கொழுப்புதான், இதே திமிர்தான். மாரடைப்பு வரும்வரை உடம்பு இரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் நாக்கைப் பற்றி நான் இவ்வளவு காலம் பேசியதில் நூறில் ஒரு பங்கு அவளைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த வாரமே பேக்கிங்குக்குப் போனேன். பாக்கெட்டைத் தராசில் வைத்து எடை பார்க்கிறேன். அங்கேயும் ‘நாக்கு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், எதற்கென்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. சிலர் நான் அதிகம் பேசுவதால் என்று நினைக்கிறார்கள். அதுவும் தப்பில்லை.

வீட்டில் இப்போது பொடி என் கண் முன்னாலேயே விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், தெரிந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு இந்தப் பாழாய்ப்போன நாக்கு விழித்துக்கொண்டது. ரொட்டியில், கஞ்சியில், எங்கே ஒளிந்தாலும் பிடித்துவிடுகிறது. ஒவ்வொரு வாயும் அதே மரத்தூள்.

தினமும் மனைவி என் முகத்தையே பார்த்தபடி கேட்கிறாள், “என்னங்க, பொடி வாசம் தெரியுதா?”

“இல்லியே. போட்டியா என்ன?” என்கிறேன்.